முதலில் கேட்டவன் பெட்டிக்காரன்

1

நான் கட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எனக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பது இந்த வயதில் தெரிந்துபோயிற்று.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆம்பூரில் ரயிலேறி சிகந்தராபாத்தில் இறங்கினேன். கையில் ஒரு வாள், இரண்டு உளி, ஓர் இழைப்புளி. மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. தெலுங்கு தெரியாது, உருது தெரியாது, இந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. மல்காஜ்கிரியில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, பேக்கிங் பெட்டி அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு முறை காற்றில் கூரை போயிற்று. ஒரு முறை நகராட்சிக்காரர்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். நாலாவது முறை செங்கல்லில் கட்டினேன். அது இன்னும் நிற்கிறது. இருபத்திரண்டு தச்சர்கள் அதில் வேலை செய்கிறார்கள். அல்வாலில் மாடி வீடு கட்டினேன். என் பெண்ணை டிகிரி படிக்க வைத்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கட்டடத்தில் கதவு, ஜன்னல், மேடை மூன்றும் என் கைவேலை. அந்த மேடையில் நாற்பது பேர் ஏறி நின்றாலும் ஒரு பலகை முனகாது.

ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது எனக்கு. ஆனால் அரசாங்கத்துப் பெட்டிகளின் மேல் பெயின்ட் அடிக்கிற எழுத்துத் தகடுகள் அத்தனையையும் வெட்டியவன் நான். எந்த எழுத்துக்கு எத்தனை கால், எதற்கு எத்தனை வயிறு என்று பார்த்துப் பார்த்து வெட்டுவேன். முப்பது வருஷத்தில் ஒரு எழுத்துகூடத் தலைகீழாகப் போனதில்லை. படித்த ஆபீசர்களின் கடிதத்தில் பிழை வந்திருக்கிறது. என் தகட்டில் வந்ததில்லை.

நம் ஆம்பூர்ப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதுவது ஜம்பம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். என் உழைப்பில் வந்த எதையும் இதுவரை ஒருத்தன் திருடிக்கொண்டு போனதில்லை. இந்தச் சித்திரையில் திருடினான். அதுவும் பலகையை அல்ல, ஆணியை அல்ல. நான் சொன்ன ஒரு வார்த்தையை.

2

திருடியவர் பெயர் பஞ்சநாதம். நான் பெட்டி கொடுத்துவந்த ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனவர். எந்தத் தொழிற்சாலை என்று எழுத மாட்டேன், அங்கே நம்மவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பஞ்சநாதம் எங்கள் சங்கத்துக்குத் துணைத்தலைவரும்கூட.

இலங்கைக்குப் போன நம் ராணுவம் போன மாசம்தான் திரும்பி வந்தது. எண்பத்தேழில் அது கப்பலேறியபோது டில்லியைக் கொண்டாடிய அதே ஆட்கள், இப்போது தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்படுகிறார்கள். இந்த நிலையில் தமிழ்ப் புத்தாண்டு விழா வந்தது. குஷாய்குடாவிலிருந்து ஒரு பஸ் நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. பஞ்சநாதம் மைக்கைப் பிடித்தார்.

“இன்னைக்கு எல்லாரும் பேசறாங்க. நான் அன்னைக்கே கேட்டேன். நம்ம ராணுவம் காப்பாத்தப் போறது ஆளையா, கடலையான்னு கேட்டேன். யாரும் காது குடுக்கல. எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைப் பார்த்தே கண்டுபிடிச்சேன். ஒரு மாசத்துல திரும்பி வர்றவன் கீல் வச்ச பெட்டி கேப்பானா?”

சபை கைதட்டியது. ஆளையா கடலையா என்பது என் வார்த்தை. கீல் வைத்த பெட்டி என் பெட்டி. நான் எழுந்து நின்றேன்.

“சார், அத்த கேட்டது நானு.”

“யாருப்பா அது? ஓ, முனிரத்தினமா! உக்காருப்பா. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் வரிசையிலும் சிரித்தார்கள்.

“சோறு கெடக்குது சார். எம்பத்தேழு ஆகஸ்டுல இதே எடத்துல நின்னு யாரு கேட்டது? அன்னிக்கு நீங்க என்னிய இன்னா சொன்னீங்க? அதையும் மைக்குல சொல்லுங்க.”

அவர் முகம் மாறவில்லை. ஆபீசர் முகம் லேசில் மாறாது. “முனிரத்தினம், பெட்டி அடிக்கிறது வேற, பாலிடிக்ஸ் வேற. இந்த விஷயத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே. சங்கத்து பீரோவுல இருக்கு. எடுத்துப் படிக்கச் சொல்லட்டுமா?”

நான் உட்கார்ந்தேன். அறுபது வயசில் நான் செய்த காரியங்களில் என்னாலேயே தாங்க முடியாதது அப்படி உட்கார்ந்ததுதான். செயலாளர் அடுத்து வந்து, சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் பஞ்சநாதத்தின் பேச்சு முதல் கட்டுரையாக வரும் என்று அறிவித்தார்.

3

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்துதான் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும்போது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள். சந்தை மைதானத்தில் பாண்டு வாசித்து, சட்டை, பூட்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு என்று சொன்னார்கள். ஊரைக் காப்பாற்ற வாருங்கள் என்றார்கள். தோல் ஷாப்பில் நாறிக்கொண்டிருந்த என் பெரியப்பா போனார். பர்மாவுக்கு என்று கடிதம் வந்தது. அப்புறம் கடிதம் வரவில்லை. ஆம்பூரைக் காப்பாற்ற எதற்காக பர்மாவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டபோது என் அப்பா என் வாயில் ஒன்று வைத்தார். அந்தக் கேள்வி அப்போதிலிருந்து எனக்குள்ளேயே கிடந்தது. பெரியம்மா சாகிற வரைக்கும் குங்குமத்தை அழிக்கவில்லை. எந்தச் சண்டை, யாருக்கும் யாருக்கும், எதற்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இனி எண்பத்தேழு. மாம்பழக் காலம். தொழிற்சாலையிலிருந்து ஒரு டிராயிங் வந்தது. வயர்லெஸ் செட் போகிற பெட்டிகள். எனக்குப் புதிதல்ல. ஆனால் டிராயிங்கைத் தரையில் விரித்ததும் என் மூத்த தச்சன் காஜா தலையைச் சொறிந்தான். காஜா ஹைதராபாத்துக்காரன், என்னிடம் பதினெட்டு வருஷம்.

“யே கியா மேஸ்திரி? தர்யா கா மால் ஹை கியா?” என்றான். கடலில் போகிற சரக்கா என்று கேட்கிறான்.

கடலில் போகிறதுதான். உள்ளே தார்க் காகிதம், அதன் மேல் துத்தநாகத் தகடு, மூலை எல்லாம் ஈயப்பற்று. ரயிலில் போகிற பெட்டிக்கு மாம்பலகை போதும், இதற்குத் தேவதாரு கேட்டிருந்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. மூடியைப் பார்த்தேன். கீல், போல்ட், கயிற்றுப் பிடி.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெட்டி இரண்டு ஜாதி. போகிற பெட்டி, போய்வருகிற பெட்டி. கொடுத்துவிட்டு வந்துவிடுகிற சரக்குக்கு மூடியை ஆணி அடித்து அனுப்புவோம். அங்கே கடப்பாரை போட்டு உடைத்து அடுப்பெரிப்பார்கள். கெட்டுப்போன செட்டை ரிப்பேருக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி எடுத்துப் போய், மறுபடி அனுப்பி என்று நடமாட்டம் இருந்தால்தான் கீலும் போல்ட்டும். பத்து நடைக்குத் தாங்குகிற கீல் கேட்டிருந்தார்கள். யாரோ ஒரு இடத்துக்குக் கடல் தாண்டிப் போய், அங்கே நெடுநாள் குந்தப் போகிறார்கள் என்று அந்த டிராயிங்கே சொல்லிற்று.

“கிதர் ஜாரை?” என்றான் காஜா. எங்கே போகிறது என்கிறான்.

“எனக்கு இன்னா தெரியும்? அடிடா,” என்றேன். அடித்தோம்.

ஜூலைக் கடைசியில் ரேடியோவில் வந்தது. ஒப்பந்தமாம். அமைதி காக்கப் போகிறார்களாம். அந்த நாட்டுக்காரர்களே திடீரென்று கூப்பிட்டார்களாம். போய், ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுவார்களாம். நான் காஜாவைப் பார்த்தேன், காஜா என்னைப் பார்த்தான். எங்கள் பெட்டிகள் ஜூன் மாசமே லாரியேறிவிட்டன.

ஒருவேளை அவை வேறு எங்காவதுகூடப் போயிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. பெட்டி போன இடத்துக்கு என்னிடம் சாட்சி கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதற்கு அது போதும்.

4

ஆகஸ்ட் பதினைந்து. சங்கத்தில் கொடியேற்றி, டில்லியைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பஞ்சநாதம்தான் எழுதியிருந்தார். தமிழர்களைக் காக்கத் தன் பிள்ளைகளை அனுப்பிய அரசு என்று படித்தார். நான் எழுந்து கேட்டேன்.

“சார், ஒரு சந்தேகம். காப்பாத்தப் போறது நம்ம ஆளையா, நம்ம கடலையா? சீக்கிரம் வர்றதுன்னா கீல் வச்ச பெட்டி எதுக்கு? ஒப்பந்தம் ஆவறதுக்கு முன்னியே ஆர்டரு எதுக்கு? அங்க நல்ல துறைமுகம் கீது, வேற தேசத்துக்காரன் வந்து குந்திக்குவான்னு நம்மளே போய் குந்தறமா?”

பஞ்சநாதம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நான் அடித்த மேடை.

“முனிரத்தினம், நீ குடிச்சிருக்கியா?”

“நான் குடிக்கறதில்லன்னு உங்களுக்கே தெரியும் சார்.”

“அப்ப இது தேசத்துரோகம். ஸ்டோர்ஸ்ல நடக்கறத வெளியில பேசறியா? நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா.”

மறுநாள் போனேன். நிற்க வைத்தார். மேஜையின் மேல் என் கேட் பாஸ் இருந்தது, அந்த மாசம் புதுப்பிக்க வேண்டியது. அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு காகிதம்.

“செக்யூரிட்டிக்குப் போனா உன் ஷெட்ட சீல் வைப்பாங்க. நீ நம்ம ஊர்ப் பக்கத்தான்னு பாக்கறேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு. கூட்டத்துல குறுக்க பேசினதுக்கு வருத்தம்னு இருக்கு, அவ்வளவுதான்.”

“படிச்சுக் காட்டுங்க சார்.”

“என்னை நம்ப மாட்டியா?”

இருபத்திரண்டு தச்சர்கள். கேட் பாஸ் இல்லையென்றால் என் லாரி வாசலைத் தாண்டாது. ஆயிரக்கணக்கான ஆங்கில எழுத்தைத் தகட்டில் வெட்டியவன், அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் தமிழில் கையெழுத்துப் போட்டேன். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, கேட் பாஸில் குத்திக் கொடுத்தார்.

மூன்று மாசம் ஆகவில்லை. யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவர்களோடேயே சண்டை. பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. நான் சொன்ன மாதிரியே, ரிப்பேருக்கு. கீல் போனவை, மூலை பிளந்தவை எல்லாம் தொழிற்சாலை வழியாக என் ஷெட்டுக்கு வந்தன. செட் ஆடாமல் இருக்க நாங்கள் தேங்காய் நார் வைத்து அனுப்பியிருந்தோம். வந்த ஒரு பெட்டியில் நாருக்குப் பதிலாகக் காகிதம் திணித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், தாள் தாளாகக் கிழித்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருப்பார்கள், கையில் அகப்பட்டதை எடுத்திருப்பார்கள்.

காஜா ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கியா லிக்கே மேஸ்திரி? ஆப் கி ஜபான் இச் ஹை நா?”

என்ன எழுதியிருக்கிறது, உங்கள் மொழிதானே என்கிறான். என் மொழிதான். ஏழாம் வாய்ப்பாடு. எட்டேழு வரைக்கும் எழுதியிருந்தது. கீழே சிவப்பு மையில் ‘நன்று’ என்று வாத்தியார் போட்டிருந்தார்.

“கணக்கு,” என்றேன். அந்தப் பெட்டிக்குப் புதுக் கீல் போட்டு, புது நார் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

5

புத்தாண்டு விழாவுக்கு மறுநாள் செயலாளரிடம் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டேன். தர முடியாது, சங்கத்து ஆவணம் என்றார். அந்த பீரோவின் பூட்டு மாட்டிய கொண்டி நான் அடித்தது, தேவைப்பட்டால் கழற்றவும் தெரியும் என்று பணிவாகச் சொன்னேன். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

என் பெண் விஜயாவிடம் காட்டினேன். வீட்டில் தமிழ் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் தெலுங்கில் வரும், பாதி ஆங்கிலத்தில் வரும். தமிழ் எழுத்து தெரியாது. நான் எழுதுகிற இதை அவளால் படிக்க முடியாது, அவள் படித்த அதை என்னால் படிக்க முடியாது. அப்படி ஆகிவிட்டது எங்கள் குடும்பம்.

அவள் படித்தாள். முகம் சிவந்தது. “அப்பா, இதேன்டி? சதவகுண்டா சைன் சேசாவா?” படிக்காமலா கையெழுத்துப் போட்டாய் என்கிறாள்.

“ஒவ்வொரு வரியா சொல்லும்மா.”

சொன்னாள். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அது இதுதான்:

‘பதினைந்து எட்டு எண்பத்தேழு அன்று சங்கக் கூட்டத்தில், அரசாங்கம் காப்பாற்றப் போவது மக்களையா கடலையா என்று நான் கேட்டேன். திரும்பி வரக்கூடிய பெட்டிகள் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்கப்பட்டன என்பதைக் காரணமாகச் சொன்னேன். நான் படிப்பறிவில்லாதவன். இந்த விஷயத்தில் எனக்கு எந்த அறிவும் கிடையாது. அரசாங்கத்தின் நோக்கத்தைச் சந்தேகித்தது தவறு. சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.’

என் கையெழுத்து. அதற்குக் கீழே, ‘என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது’ என்று பஞ்சநாதத்தின் கையெழுத்து, தேதியோடு.

“இன்னொரு வாட்டி படி,” என்றேன். படித்தாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள். என்னை மண்ணில் தேய்க்க எழுதிய காகிதத்தில், முதலில் கேட்டவன் யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தையில் என்று தன் கையாலேயே சாட்சி போட்டு வைத்திருக்கிறார் அந்த மகாபுத்திசாலி. மூன்று வருஷமாக அதைச் சங்கத்து பீரோவில் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்.

விஜயா மட்டும் சிரிக்கவில்லை. “அயிதே நீகு முந்தே தெலுசு கதா அப்பா? மரி பெட்டெலு எந்துகு சேசாவு?” முன்பே தெரியுமே, பிறகு ஏன் பெட்டி செய்தாய் என்று கேட்டாள்.

“ஆர்டரு வந்துச்சும்மா.”

“போயினவாள்ளகி கூடா ஆர்டரே கதா.” போனவர்களுக்கும் ஆர்டர்தானே வந்தது என்றாள்.

அவளை டிகிரி படிக்க வைத்தது நான்தான்.

6

நூறு ஜெராக்ஸ் போட்டேன். குஷாய்குடா, மல்காஜ்கிரி, அல்வால் என்று சங்க உறுப்பினர் வீடு ஒவ்வொன்றுக்கும் நானே ஸ்கூட்டரில் போனேன். கொடுத்துவிட்டு வரவில்லை. அவர்கள் சத்தமாகப் படித்து முடிக்கிறவரை வாசலில் நின்றேன். கடைசியில் சாட்சிக் கையெழுத்து வரும்போது ஒவ்வொருவர் குரலும் எப்படி இறங்கிற்று என்பதை நான் சாகும்வரை நினைத்துச் சந்தோஷப்படுவேன். வன்மம் என்று சொல்லுங்கள். வன்மம்தான். மூன்று வருஷம் என்னைப் பார்த்தால் ‘தேசத்துரோகி மேஸ்திரி’ என்று கிண்டல் செய்த வாய்கள் அவை.

நாலாம் நாள் பஞ்சநாதம் என் ஷெட்டுக்கு வந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. உட்கார ஒரு பெட்டியைக் காட்டினேன். கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா இவ்வளவு தூரம் போறே? மலர்ல உன் பேரையும் போடறேன். கட்டுரை முடிவுல, ‘தகவல் உதவி முனிரத்தினம்’னு. சரியா?”

“தகவல் உதவியா? நீங்க எனக்குக் கையெழுத்து உதவி பண்ணீங்க சார், அத்தயும் போடலாமா?”

“அன்னைக்கு நான் வேலைல இருந்தேன். வேற என்ன பண்ண முடியும் சொல்லு? உள்ளுக்குள்ள எனக்கும் சந்தேகம் இருந்தது.”

“உள்ளுக்குள்ள எல்லாருக்கும் கீது சார். வாயில வந்தது எனக்குத்தான்.”

காஜா இழைத்துக்கொண்டே, “நக்கோ மேஸ்திரி, நக்கோ மான்னா,” என்றான். ஒத்துக்கொள்ளாதே என்கிறான். பஞ்சநாதத்துக்குப் புரிந்தது. எழுந்து போய்விட்டார். பேன்ட்டின் பின்பக்கம் மரத்தூள் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதனால், நம் ஊர் வாசகர்கள் எல்லோர் முன்னாலும் சங்கத்துச் செயலாளருக்கு இதை வைக்கிறேன். பஞ்சநாதத்தின் கட்டுரை வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு எதிர்ப் பக்கத்தில் அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அப்படியே போட வேண்டும். ‘படிப்பறிவில்லாதவன்’ என்ற வரியை வெட்டக் கூடாது. சாட்சிக் கையெழுத்தை வெட்டக் கூடாது. தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் கீழே தமிழில் இரண்டு வரி:

‘அந்தச் சண்டையில் டில்லியின் நோக்கம் என்ன என்று இந்தச் சங்கத்தில் முதலில் கேட்டவர் ஆம்பூர் முனிரத்தினம். அந்தச் சண்டைக்குப் பெட்டி செய்து கொடுத்தவரும் அவரே.’

முதல் வரி போதுமே, இரண்டாவது உங்களுக்குத்தானே அசிங்கம் என்று செயலாளர் போனில் இழுக்கிறார். அவர் அதை வெட்டி, இதை ஒட்டி என்று பேசுகிறவர். கேட்டது நான். செய்ததும் நான். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் போட்டால் நானும் பஞ்சநாதமும் ஒன்றாகிவிடுவோம். இரண்டு வரியும் வர வேண்டும், என் முழுப் பெயரோடு.